தேங்காயைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பங்குச் சந்தையும் தெரியும், தெரியுமா?

கொடிகாமச் சந்தையில் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்கும் ஒரு பழுத்த வியாபாரியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு காயை எடுக்கிறார். காதோடு வைத்துக் குலுக்குகிறார். விரலை மடக்கிச் சுண்டுகிறார். உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்க்கிறார். இவ்வளவும் செய்த பிறகுதான் "என்ன விலை?" என்று வாயைத் திறக்கிறார்!

அந்த ஒழுங்கைக் கவனித்தீர்களா? பெறுமதி முதலில், விலை பிறகு. பங்கு முதலீட்டின் முழுப் பாடமும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. விலை என்பது விற்பவர் கேட்பது. பெறுமதி என்பது பொருளுக்குள் இருப்பது. இரண்டும் ஒன்றாக இருக்கும் நாளும் உண்டு, மலைக்கும் மடுவுக்குமாக விலகி நிற்கும் நாளும் உண்டு. அந்த இடைவெளியை அறிந்தவர்தான் முதலீட்டாளர்.

வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வியப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது!

1. யாழ்ப்பாணத்தை 137 வருஷம் ஆண்டது ஒரு பங்குக் கம்பனி, தெரியுமா?

ஒல்லாந்தர் ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது ஒல்லாந்து அரசல்ல! ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. 1602 இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கப்பட்ட அந்தக் கம்பனிதான், உலகில் முதன்முதலாகப் பங்குகள் தாராளமாகக் கைமாறிய பெருங்கம்பனி. திரட்டிய முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர்.

பணம் போட்டவர்கள் எல்லாரும் பிரபுக்களா? இல்லவே இல்லை! அம்ஸ்ரடாம் நகரில் மட்டும் 1,100 பேருக்கு மேல் பணம் போட்டார்கள். அவர்களில் ஒருத்தி நீல்ற்கென் கொர்னேலிஸ் என்ற வீட்டு வேலைக்காரப் பெண். 100 கில்டர் போட்டாள். அவளுடைய பெயர் இன்றும் பதிவேட்டில் இருக்கிறது!

வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு கடந்து குடாநாட்டுக்குள் நடத்திக் கொண்டுவந்து, கப்பலேற்றி இந்திய வியாபாரிகளுக்கு விற்றது இந்தக் கம்பனி. ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தரைவழி தென்மராட்சி ஊடாகத்தான். நமது மண்ணை மிதித்து நடந்த யானையின் இலாபம் அம்ஸ்ரடாமில் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் கிடந்த பங்குக்குப் போய்ச் சேர்ந்தது!

பங்கு என்றால் இதுதான். அது சூதாட்டச் சீட்டல்ல, ஒரு தொழிலின் துண்டு. எட்டுப் பரப்புக் காணியில் உங்களுக்கு ஒரு பரப்பு இருந்தால் விளைச்சலில் எட்டில் ஒன்று உங்களுடையது. கம்பனிப் பங்கும் அப்படித்தான்.

2. முதல் பங்குலாபம் காசாக வரவில்லை, தெரியுமா?

1610 இல் அந்தக் கம்பனி தன் பங்குதாரருக்கு முதன்முதலாகப் பங்குலாபம் கொடுத்தது. எப்படி? சாதிபத்திரியாக! ஆம், பிரியாணிக்குப் போடும் அதே சாதிபத்திரி. போட்ட முதலின் 75 சதவீதத்துக்கு ஈடான சாதிபத்திரியைக் கொண்டுபோய் விற்றுக்கொள்ளுங்கள் என்றது. அதே வருஷம் பின்னர் மிளகாகவும் கொடுத்தது!

1606 ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கம்பனியின் பங்குப் பத்திரம் ஒன்றை 2010 இல் ஒரு மாணவர் ஒல்லாந்து ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார். உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய பங்குப் பத்திரம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இன்று பங்குலாபம் உங்கள் வங்கிக் கணக்கில் நேரே விழுகிறது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பங்குலாபம் வட்டியல்ல. இலாபம் வந்தால் கொடுப்பார்கள். வராவிட்டால் இல்லை. இலாபம் வந்தும் தொழிலைப் பெருப்பிக்கவென்று உள்ளேயே வைத்துக்கொள்ளவும் கூடும்.

3. தேசவழமைக்குள் ஒரு பங்குச் சந்தைச் சட்டம் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

அதே கம்பனியின் அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர்தான் 1707 இல் நமது வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்துக் கொடுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். அதிலே ஒரு வழமை: கூட்டுக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் வெளியாருக்குப் போக முன்னர் உரித்தாளருக்கும் கூட்டுப் பங்காளருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும்.

இப்போது கொழும்புக்கு வாருங்கள். ஒரு கம்பனி புதிதாகப் பங்கு வெளியிட்டுக் காசு திரட்ட விரும்பினால், ஏற்கனவே பங்கு வைத்திருப்பவருக்கு அவரவர் வைத்திருக்கும் அளவுக்கேற்ப முதலில் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் உரிமை வழங்கல். பழைய பங்காளியின் பாகம் அவனுக்குத் தெரியாமல் சுருங்கிவிடக்கூடாது என்ற அதே நியாயம்! நம் பாட்டன்மாருக்கு அது காணியில் தெரிந்திருந்தது. நமக்குப் பங்கில் தெரிந்தால் போதும்.

4. கொழும்புப் பங்கு வியாபாரத்தைத் தொடக்கிவைத்தது தேயிலை, தெரியுமா?

கோப்பிச் செடிகளை நோய் அழித்த பிறகு மலைநாட்டில் தேயிலை போட முதல் தேவைப்பட்டது. அந்த முதலைத் திரட்ட 1896 இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தொடங்கியது. இன்றைய சந்தையின் அமைப்பு 1985 இல் உருவானது. 1990 இல் கொழும்புப் பங்குச் சந்தை என்ற பெயர் வந்தது. 1985 இல் 100 என்று வைத்துத் தொடங்கியதுதான், இன்றும் செய்தியில் கேட்கும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண்.

5. ஒரு இலட்ச ரூபாய்ப் பங்கு மலிவாகவும் ஒரு ரூபாய்ப் பங்கு விலை கூடினதாகவும் இருக்கலாம், தெரியுமா?

சென்னையில் ஒருவர் 1946 இல் பலூன் செய்து விற்கத் தொடங்கினார். அந்தத் தொழில் வளர்ந்து ரயர் கம்பனியானது. அதுதான் எம்.ஆர்.எஃப். 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரே ஒரு பங்கு இந்திய ரூபாய் ஒரு இலட்சத்தைத் தாண்டியது!

அப்படியென்றால் அது இந்தியாவின் மிகப்பெரிய கம்பனியா? இல்லை! அந்தக் கம்பனிக்கு மொத்தம் 42 இலட்சத்துச் சொச்சம் பங்குகள்தான். அதைவிடப் பல மடங்கு பெரிய கம்பனிகளின் பங்குகள் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கின்றன. அவற்றின் பங்குகள் நூற்றுக்கணக்கான கோடி.

ஒரு பலாப்பழத்தை நாலாக வெட்டினாலும் நாற்பதாக வெட்டினாலும் பழம் ஒன்றுதான். துண்டின் விலையை மட்டும் பார்த்துப் பழத்தை மதிப்பிடலாமா? பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வருவது சந்தை மூலதனம். முழுப் பழத்துக்கும் ஊர் கேட்கும் விலை அதுதான். பத்து ரூபாய்க்குக் கீழே விற்கிறது என்பதற்காக ஒரு பங்கு மலிவாகிவிடாது.

6. இலங்கைக் கணக்கியல் நூல்கள் கம்பனி இலாபத்தை 'உழைப்பு' என்கின்றன, தெரியுமா?

எவ்வளவு அழகான சொல்! கம்பனியின் வருடத் தேறிய இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் பிரித்தால் வருவது 'பங்கொன்றுக்கான உழைப்பு'. பங்கின் விலையை அந்த உழைப்பால் பிரித்தால் 'விலை உழைப்பு விகிதம்'. பெயரைக் கேட்டு மலைக்கவேண்டாம், தென்னங்காணி வாங்கும் கணக்குத்தான் இது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு. 26 அடிக்கு ஒரு தென்னை வைத்தால் ஏக்கருக்கு 64 மரம், பரப்புக்கு நாலு மரம். நாலு பரப்பில் 16 மரம். மரத்துக்கு வருஷம் 60 காய் என்றால் 960 காய். பறிகூலி, உரம், காவல் எல்லாம் போக ஒரு காயில் 50 ரூபாய் மிஞ்சினால் வருஷத்துக்கு 48,000 ரூபாய்.

அந்தக் காணிக்கு 480,000 ரூபாய் கேட்டால் பத்து வருஷ விளைச்சலின் விலை. 1,440,000 கேட்டால் முப்பது வருஷ விளைச்சலின் விலை. விலை உழைப்பு விகிதம் 10 என்றும் 30 என்றும் பத்திரிகையில் போடுவது இதைத்தான்!

பத்து என்றால் கட்டாயம் நல்லதா? மரமெல்லாம் கிழடாகிக் காய்ப்புக் குறைந்துகொண்டு போனால் பத்தும் அதிகம். இளந்தென்னையாக, வருஷத்துக்கு வருஷம் காய்ப்புக் கூடிக்கொண்டு போனால் இருபதும் நியாயம். விகிதத்தைப் படித்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்கவும் வேண்டும்.

7. மாமரம் பூக்கும்போதே விலை பேசுபவர் எதிர்காலத்தை இன்றைய காசாக மாற்றுகிறார், தெரியுமா?

பழம் வர இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. காற்று அடிக்கலாம், மழை கொட்டலாம், அணில் கடிக்கலாம். அதனாலே பூவில் பேசும் விலை பழத்தின் விலையைவிடக் குறைவு. கம்பனி மதிப்பீட்டில் பெரிய பெரிய நிபுணர்கள் செய்யும் கணக்கின் உயிர் இதுதான். நாளை வரப்போகும் காசு இன்றைய காசைவிடப் பெறுமதி குறைந்தது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கழித்துக் கொடுங்கள்.

எவ்வளவு கழிப்பது? அதை வட்டி வீதம் சொல்லும். வங்கியில் நிலையான வைப்புக்கு 10 சதவீதம் கிடைத்து, வட்டியை வருஷாவருஷம் எடுத்துக்கொண்டால், போட்ட நூறு ரூபாய் இன்னொரு நூறு ரூபாய் உழைக்கப் பத்து வருஷம். 25 சதவீதம் கிடைத்தால் நாலே வருஷம்! 2022 நெருக்கடியில் அரசின் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது யார் பங்குக்குப் பத்து வருஷ விலை கொடுப்பார்கள்? வட்டி ஏறும்போது பங்கு விலை இறங்குவதன் மர்மம் இதுதான்.

8. 3 ரூபாய் 53 சதத்துக்கு இருந்த பங்கு ஒரே நாளில் 236,250 ரூபாய் ஆனது, தெரியுமா?

அச்சுப் பிழையல்ல! மும்பையின் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற சிறு கம்பனி. அதனிடம் ஏசியன் பெயின்ட்ஸ் கம்பனியின் பங்குகள் பெருந்தொகையாக இருந்தன. கணக்குப் பார்த்தால் எல்சிட்டின் ஒரு பங்குக்குப் பின்னால் பல இலட்ச ரூபாய்ச் சொத்து. ஆனால் சந்தையில் எழுதியிருந்த விலையோ மூன்று ரூபாய்ச் சொச்சம். அந்த விலைக்கு விற்க யாரும் வரவில்லை, வியாபாரமும் நடக்கவில்லை. 2024 ஒக்டோபர் 29 அன்று சரியான விலையைக் கண்டறியச் சிறப்பு ஏலம் நடந்தது. விலை 236,250 இந்திய ரூபாயில் போய் நின்றது!

கம்பனி அன்றைக்கு மாறவில்லை. அதன் பெட்டிக்குள் இருந்த சொத்தும் ஒரே இரவில் பெருகவில்லை. மாறியது விலை மட்டும். இப்படி ஆயிரத்தில் ஒன்றுதான் நடக்கும். அடுத்த எல்சிட்டைத் தேடி ஓடவேண்டாம். எழுதியிருக்கும் விலை வேறு, உள்ளே இருக்கும் பெறுமதி வேறு என்பதை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

9. புகை வராத நமது ஆலைக்கும் கொழும்பில் பங்கு இருந்தது, தெரியுமா?

காங்கேசன்துறையில் சீமெந்து செய்த லங்கா சீமெந்துக் கம்பனியை நினைவிருக்கிறதா? யுத்தத்தால் 1990 இல் உற்பத்தி நின்றது. ஆலை பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகும் கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலில் அந்தக் கம்பனியின் பெயர் இருந்தது!

சொத்து என்பது ஒன்று, அந்தச் சொத்து உழைப்பது இன்னொன்று. சொத்திலிருந்து கடனைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் பிரித்தால் பங்கொன்றுக்கான தேறிய சொத்துப் பெறுமதி வரும். அது பங்கு விலையைவிடக் கூடவாக இருந்தால் நல்ல வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் நூறு தென்னை நின்றாலும் ஏறிப் பறிக்க வழியில்லாவிட்டால் வீட்டுக்கு என்ன வரும்? சொத்தைப் பார்த்த கையோடு உழைப்பையும் பாருங்கள்.

10. ஒரே வங்கி, ஒரே பங்குலாபம், ஆனால் இரண்டு விலை, தெரியுமா?

கொமர்ஷல் வங்கிக்கும் ஹட்டன் நஷனல் வங்கிக்கும் கொழும்பில் இரண்டு வகைச் சாதாரண பங்குகள் உண்டு. 'என்' என்ற குறியுள்ளது வாக்குரிமை உள்ள பங்கு. 'எக்ஸ்' என்ற குறியுள்ளது வாக்குரிமை இல்லாத பங்கு. பொதுக் கூட்டத்தில் கை உயர்த்தும் உரிமை இல்லை என்பதால் 'எக்ஸ்' பங்கு பெரும்பாலும் விலை குறைவு. நூறு பங்கு வைத்திருக்கும் நம்மைப் போன்றவருக்கு வாக்கு எவ்வளவு பெறுமதி? ஒவ்வொருவரும் தனக்குத்தானே கேட்டு விடை காணவேண்டிய கேள்வி. இந்த இரண்டு எழுத்தின் வித்தியாசம் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்!

11. உச்சியில் வாங்கியவர் கரையேற ஏறக்குறைய பத்து வருஷம் காத்திருந்தார், தெரியுமா?

2008 முடிவில் கொழும்புச் சுட்டெண் 1,503. மறுவருஷம் யுத்தம் முடிந்தது. 2009 இல் சுட்டெண் 125 சதவீதம் ஏறியது. 2010 இல் மேலும் 96 சதவீதம்! உலகமே திரும்பிப் பார்த்தது. 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. இரண்டு வருஷத்தில் ஐந்து மடங்கு!

கடன் வாங்கிப் பங்கு வாங்கினார்கள். பெயர் தெரியாத கம்பனிகளையும் வாங்கினார்கள். பெறுமதியை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. பிறகு இறக்கம். 2012 முடிவில் சுட்டெண் 5,643. அந்த 2011 உச்சியை மறுபடி தாண்டியது எப்போது? 2021 ஜனவரியில்! அதே கம்பனிகள், அதே நாடு. 2009 தொடக்கத்தில் வாங்கியவருக்குப் பொன், 2011 தொடக்கத்தில் வாங்கியவருக்குப் பத்து வருஷத் தவம். கூட்டம் முண்டியடிக்கும் நாளில் காய் வாங்கினால் இரட்டை விலைதான். அது சந்தைக்குப் போகும் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

12. உலகப் பெரும் முதலீட்டாளர் பதினொரு வயதில் பொறுமை இழந்தார், தெரியுமா?

வாரன் பஃபெட் 1942 இல் தன் முதல் பங்கை வாங்கினார். சிட்டீஸ் சேர்விஸ் கம்பனியின் மூன்று பங்குகள், ஒன்று 38 டொலர். 27க்கு விழுந்தது. பையன் கலங்கிப்போனான். 40க்கு ஏறியதும் விற்றுவிட்டான். பிறகு அது 202 டொலருக்குப் போனது! அந்த மூன்று பங்கு கற்றுக்கொடுத்த பொறுமையைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தென்னம்பிள்ளை நட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை கிளப்பி வேர் பார்ப்பவர் உண்டா?

13. காசு எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லலாம், தெரியுமா?

72ஐ வளர்ச்சி வீதத்தால் பிரியுங்கள். 8 சதவீதம் என்றால் 9 வருஷம். 12 சதவீதம் என்றால் 6 வருஷம். விலைவாசிக்கும் இதே கணக்குத்தான்! வருஷம் 6 சதவீதம் விலை ஏறினால் பன்னிரண்டே வருஷத்தில் காசின் பெறுமதி பாதி. 2022 செப்டெம்பரில் நம் நாட்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றதை யார் மறப்பார்? தலையணைக்குள் வைத்த காசும் பாதுகாப்பல்ல என்பதை அந்த வருஷம் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டியது.

இன்னொரு கணக்கும் உண்டு. கொழும்பில் பங்கு வாங்கும்போது தரகு, கட்டணம், வரி எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 12 சதம் போகிறது. விற்கும்போதும் அதே அளவு. அடிக்கடி வாங்கி விற்பவரின் இலாபம் இந்த ஓட்டையால் சொட்டுச் சொட்டாக ஒழுகிவிடும்.

14. இருநூறு வருஷக் கம்பனியும் ஒருநாள் இறக்கும், தெரியுமா?

நாம் தொடங்கிய ஒல்லாந்தக் கம்பனிக்கு என்ன நடந்தது? கடனும் ஊழலும் யுத்தமும் அரித்து, 1799 டிசம்பர் 31 அன்று அதன் கதை முடிந்தது. கோட்டையும் கப்பலும் யானையும் வைத்திருந்த கம்பனி! அதனாலேதான் ஒரே கம்பனியில் முழுக் காசையும் போடக்கூடாது. தென்மராட்சி வளவுகளைப் பாருங்கள். தென்னையோடு பலா, மா, வாழை, வேலியோரம் முருங்கை. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று தாங்கும். முதலீட்டுப் புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வதை நம் வளவு ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது!

இனி நீங்கள் செய்யவேண்டியது

பங்கு வாங்க மத்திய வைப்பகத்தில் ஒரு கணக்கும், பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற ஒரு தரகு நிறுவனமும் வேண்டும். அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ரயில் ஏறத் தேவையில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் தினமும் பாவிக்கும் ஒரு கம்பனியை எடுங்கள். உங்கள் தொலைபேசி, உங்கள் வங்கி, நீங்கள் வாங்கும் பிஸ்கற், எதுவாகவும் இருக்கட்டும். பட்டியலில் உள்ள கம்பனி என்றால் அதன் ஆண்டறிக்கை கொழும்புப் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து வருஷ இலாபத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடனை எழுதுங்கள். பங்கொன்றுக்கான உழைப்பையும் கொடுத்த பங்குலாபத்தையும் எழுதுங்கள். அதன் பிறகு விலையைப் பாருங்கள்.

பிள்ளையின் படிப்புக் காசையும் மருந்துக் காசையும் இதில் போடாதீர்கள். நகை அடகு வைத்து வாங்காதீர்கள். கைப்பேசியில் வரும் "இன்றே வாங்கு, நாளை இரட்டிக்கும்" என்ற செய்தியை நம்பாதீர்கள். நிச்சய இலாபம் தருகிறேன் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் விலகிப் போங்கள்.

கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பும் காசில் காணி வாங்கினோம், நகை வாங்கினோம், வைப்பிலிட்டோம். நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை அறிந்துகொண்டு நடப்போம். அம்ஸ்ரடாமின் வேலைக்காரப் பெண்ணுக்கு 1602 இல் திறந்த கதவு நமக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போகமுன் தேங்காயைத் தட்டிப் பாருங்கள். பெறுமதி முதலில், விலை பிறகு.